இடது கண்ணுக்கு வைத்த பெயர்

பிரதீப் கையில் எதைக் கொடுத்தாலும், அது என்னவென்று பார்ப்பதற்கு முன்னால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்ப்பான். துவாக்குடி தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டிக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறவன் வேறு எப்படி இருப்பான் என்று அவன் மனைவி வேணி எப்போதோ விட்டுவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்றே கேசரித் துண்டைத் திருப்பிப் பார்த்து, "கத்திய அழுத்தாம இழுத்து வெட்டியிருக்காங்க" என்று தன் அக்காவின் காதில் சொன்ன ஆள் அவன். வெட்டியவள் வேணி. அக்காவுக்குச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. இருந்தும் கல்யாணம் நடந்தது என்றால் அது வேணியின் பெருந்தன்மை.

உலகத்தில் வெட்டு என்பது இரண்டே வகை என்பது பிரதீப்பின் கொள்கை. கத்தியால் வெட்டுவது ஒன்று, சூட்டால் வெட்டுவது இன்னொன்று. கத்தி வெட்டு சுத்தமான வெட்டு. சூட்டில் வெட்டினால் ஓரம் கறுத்து, இறுகி, இரும்பு தன் குணத்தையே மாற்றிக்கொண்டுவிடும். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக லேசர் வெட்டு இயந்திரம் வாங்கியபோதும் இவன் அசையவில்லை. "லேசர்னா என்னங்க, வெளிச்சத்துல வெக்கற சூடுதானே" என்பான். தகட்டைப் பொறுத்தவரை அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனால் அதை அவன் தகட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அங்கேதான் வம்பு.

வேணிக்கும் துவாக்குடியில்தான் வேலை. பாய்லர் குழாய்களிலும் தொட்டிகளிலும் போட்ட வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் நிறுவனம் அது. எடுத்த பிலிமை இருட்டறையில் வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து, வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா, காற்று அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறத்துக்குள் இன்னொரு சாம்பலாக ஒளிந்துகொண்டிருக்கும் மயிரிழைக் கோட்டைக் கண்டுபிடிக்கிற வேலை. அவள் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால்தான் குழாய் வாசலைத் தாண்டும். அந்தத் தொழிற்பேட்டையில் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்.

தொல்லை கொடுத்தது மூக்குக் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் ஐந்து. வெளிச்சப் பெட்டியின் ஒளி கண்ணாடியில் பட்டுப் பளபளக்கும், குனிந்தால் மூக்கில் வழுக்கும், வெயில் காலத்தில் வியர்த்து மங்கும். ஒரு நாள் சாப்பிடும்போது, "லேசர் பண்ணிக்கிட்டு கண்ணாடியக் கழட்டிடலாம்னு இருக்கேங்க" என்றாள். பிரதீப் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

கன்டோன்மென்ட் பக்கம் இருந்த கண் ஆஸ்பத்திரிக்கு அவனும் கூடவே போனான். துணைக்கு வருவதாகச் சொன்னான், வாதாட வருகிறான் என்று வேணிக்குத் தெரியும். அவர்களைப் பார்த்த டாக்டர் மும்தாஜுக்கு நிறையப் பொறுமை. மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றிக் காட்டினார்.

"கருவிழிக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க, இதுதான் கார்னியா. இதுலேர்ந்து மேலாக ஒரு மெல்லிசான மூடிய எடுக்கறோம். முழுசா எடுக்க மாட்டோம், ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டே இருக்கும். மூடியத் திறந்து, அடியில லேசர் விட்டு வளைவ மாத்திட்டு, மறுபடி மூடிய அப்படியே படிய வெச்சிடுவோம். தையல்லாம் கிடையாது, தானா ஒட்டிக்கும்."

"அந்த மூடிய எதால வெட்டுவீங்க?" என்றான் பிரதீப். கேள்வி கேட்ட வேகத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

"ரெண்டு விதம் இருக்கு. மெஷின்ல ஓடற ஒரு சின்ன பிளேடால வெட்டலாம். இல்லேன்னா மூடி எடுக்கறதுக்குன்னே இருக்கற வேற ஒரு லேசரால."

"பிளேடே போதும் மேடம். சூடு பட்டா ஓரம் இறுகிடும். நான் தெனம் பாக்கறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இரும்புக்கு நீங்க சொல்றது சரிதாங்க. இது எரிக்கற லேசர் இல்ல. நெனச்சுப் பாக்க முடியாத சின்ன நேரத்துக்குத் தொட்டுத் தொட்டு விடும். உள்ள பொடிப் பொடியா குமிழி வரும், குமிழியெல்லாம் ஒண்ணு சேந்தா மூடி தனியா வந்துடும். பக்கத்துல சூடு பரவ நேரமே கிடையாது. மூடியோட கனமும் எல்லா இடத்துலயும் ஒரே சீரா வரும். பிளேடுல எடுத்தா பெரும்பாலும் நடுவுல மெலிசாவும் ஓரத்துல கொஞ்சம் கனமாவும் இருக்கும்."

"அப்ப லேசர்தான் ஒசத்தியா டாக்டர்?" என்றாள் வேணி.

"மூடி சீரா வருதுங்கறது தெரியும். அதனால பார்வையும் ஒசத்தியா வருதான்னுதான் இங்க ஆய்வு பண்றோம். முக்கியமா வெளிச்சம் கம்மியான எடத்துல, மங்கலான கோட்டப் பிரிச்சுப் பாக்கற சக்தி. ஒருத்தருக்கே ஒரு கண்ணுல பிளேடு, இன்னொரு கண்ணுல லேசர். ரெண்டுமே ரொம்ப நாளா பண்ணிட்டு இருக்கற முறைதான். எந்தக் கண்ணுக்கு எதுன்னு சீட்டுப் போட்டு எடுப்போம். ஆறு மாசம் வரைக்கும் உங்ககிட்ட சொல்ல மாட்டோம். அளந்து பாக்கப்போற எனக்கும் தெரியாது. ஆபரேஷன் பண்ற பெரிய டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். கட்டாயம் இல்லம்மா. வீட்ல யோசிச்சு சொல்லுங்க."

மங்கலான கோடு என்ற வார்த்தையிலேயே வேணி விழுந்துவிட்டாள். அவள் நாள் முழுக்கத் தேடுவது அதைத்தானே. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் அவர்கள் வீடு. காவிரிப் பாலம் ஏறியதும் வழக்கமாக வண்டியை மெதுவாக ஓட்டுகிற பிரதீப், அன்றைக்குத் தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினான்.

உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பயம். வேணியின் கண்ணை யாரோ வெட்டப்போகிறார்கள் என்ற பயம். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அதனால் ஓரம் இறுகும், குணம் மாறும் என்று தெரிந்த பாஷையில் புலம்பிக்கொண்டிருந்தான். வேணிக்கு அது புரிந்திருந்தால் ஒருவேளை கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள். அவளோ அவன் மல்லுக்கு நிற்கிறான் என்று நினைத்து, அடுத்த வாரமே ஆய்வில் சேருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் என்னவோ காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு கண்ணுக்கும் வளையம் வைத்து அழுத்தினார்கள், இரண்டு தடவையும் சற்று நேரம் இருட்டியது, இரண்டு தடவையும் ஒரே மாதிரி இரைச்சல் கேட்டது. எது எது என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றுப்போனதாக வேணி சொன்னாள். மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குப் போய் நின்றவள், "ஏங்க, ராஜகோபுரத்துக் கலசமெல்லாம் தனித்தனியா தெரியுது" என்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள். அவள் கண் கலங்கியது. பிரதீப்புக்கும் கலங்கியது. ஆனால் அவன், "மருந்து விட்ட கண்ணு, அழுது தொலைக்காத" என்று அதட்டினான்.

முதல் சில வாரங்கள் இடது கண்ணில் மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. சாயங்காலம் கடைத்தெரு விளக்குகளைச் சுற்றி மெல்லிய புகை போட்டதுபோல் ஒரு வட்டம். வலது கண்ணில் அது இல்லை. பிரதீப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

"இடதுதான் லேசர்" என்று தீர்ப்பு எழுதிவிட்டான். "நான் அன்னிக்கே சொன்னேன்ல."

மும்தாஜ் டாக்டர் பார்த்துவிட்டு, கண் உலர்ந்திருக்கிறது, எந்த முறையில் செய்தாலும் சில நாள் இப்படி வரும், இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் சரியாகிவிடும் என்றார். பிரதீப் இதில் 'இடது பக்கம் கூடுதல்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கண்ணுக்கும் பெயர் வந்துவிட்டது. "லேசருக்கு மருந்து விட்டாச்சா?" என்று குளியலறையிலிருந்து கேட்பான். டிவி பார்க்கும்போது, "பிளேடு எப்படி இருக்கார், சௌக்கியமா?" என்று விசாரிப்பான். வேணியும் சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது அந்த விளையாட்டு. மாமியார் போனில் பேசினால்கூட, "லேசர் கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிற அளவுக்குப் போனது.

சொட்டு மருந்து தன் வேலையைச் செய்தது. மூன்றாம் மாதத்துக்குள் விளக்கைச் சுற்றிய புகை போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. பெயர் வைத்துவிட்டால் அதற்கேற்ற குணத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம். ஊசியில் நூல் கோக்கும்போது வேணி இடது கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் போர்டு படிக்கையிலும் அப்படித்தான். இருட்டறையில் பிலிமைப் பார்க்கும்போது இடது கண் தானாகவே சுருங்கி மூடிக்கொண்டது. லேசர் கண்ணை நம்பி ஒரு வெல்டிங்கைச் 'சரி' என்று விட்டுவிட முடியுமா? அதனால் வலது கண்ணால் ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டு தெறித்தது. மேசைமேல் பார்க்காத பிலிம் சேர்ந்துகொண்டே போனது.

பிரதீப்புக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, தான் சொன்னது பலித்துவிட்டது என்பது மட்டும். பட்டறையில் இயந்திரம் ஓட்டும் இம்தியாஸிடம் இதைப் பலமுறை சொல்லிவிட்டான். ஒவ்வொரு முறையும் கதையில் லேசர் இன்னும் கொஞ்சம் மோசமாகிக்கொண்டே போனது.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது பால்பண்ணை நிறுத்தத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். வேணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"ஆஸ்டின்கிட்ட நாற்காலியக் குடுத்துடலாம்னு இருக்கேங்க" என்றாள்.

ஆஸ்டின் அவளுக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டிருந்தவன், நல்ல பையன். "ஏன், என்னாச்சு?" என்றான் பிரதீப்.

"பிலிம் தேங்கிப் போவுது. மேனேஜர் ஸ்ரீரங்கராஜன் சார் ஒண்ணும் திட்டல. 'உங்களுக்குச் சிரமமா இருந்தா ரிப்போர்ட் எழுதற வேலைக்கு மாத்திக்கலாம்மா'ன்னாரு. அந்தாளு அப்படி மரியாதையா கேட்டதுதான் தாங்கல." டீயை ஒரு வாய் குடித்தாள். "ஒரு கண்ணால எத்தன நாளைக்கு ஓட்ட முடியும்? நாளைக்கு ஒரு விரிசல விட்டுட்டு, எங்கயாவது குழாய் வெடிச்சு ஒருத்தருக்கு ஒண்ணு ஆயிட்டா? ஆறாம் மாசம் செக்கப்புல டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு சார்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அந்த நாற்காலியில் உட்காருவதற்கு அவள் எத்தனை பரீட்சை எழுதினாள், எத்தனை பேர் 'பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை' என்றார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. எல்லாம் அந்த லேசரால் வந்தது. செக்கப் நாளன்று அந்த டாக்டரை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்று டீக்கடையிலேயே முடிவு செய்தான்.

அந்த நாளும் வந்தது. கேள்விகளை வண்டியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான். மும்தாஜ் டாக்டர் வேணியை ஒரு அறைக்குள் உட்காரவைத்து விளக்கைக் குறைத்தார். எதிரே திரையில் சாம்பல் கோடுகள் வரிசை வரிசையாக வந்தன. ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட மங்கல். கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதலில் இடது கண்ணை மூடி வலது. அப்புறம் வலதை மூடி இடது. பிரதீப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசைகளில் அவன் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, வெறும் திரைதான். வேணி இடது கண்ணால் அங்கேயும் சொல்லிக்கொண்டே போனாள்.

"ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்கும்மா" என்றார் டாக்டர். "வலது எங்க நிக்குதோ அங்கயேதான் இடதும் நிக்குது. ரொம்ப நல்ல பார்வை."

"இல்ல மேடம், இடது கண்ணு சரியில்ல" என்று பிரதீப் ஆரம்பித்தான். "அது லேசர் கண்ணு. அதால அவங்க வேலையே போவப் போவுது."

டாக்டர் அவனைப் பார்த்தார், அப்புறம் வேணியைப் பார்த்தார். "இடது லேசர்னு யாரு சொன்னா?"

"வீட்ல அதுக்கு அப்படித்தான் டாக்டர் பேரு" என்றாள் வேணி.

"ஆறு மாசம் முடிஞ்சிடுச்சு, இப்ப கேக்கலாம்" என்று டாக்டர் போனை எடுத்து உள்ளே யாரிடமோ வேணியின் எண்ணைச் சொன்னார். பதிலைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். "வலது கண்ணுதான் லேசர். இடது பிளேடு."

பிரதீப் ஒத்திகை பார்த்து வந்த கேள்விகள் எங்கே போயினவோ.

"ஆய்வு முடிய இன்னும் ஆளுங்க பாக்கி இருக்காங்க, மொத்தமா முடிவு சொல்ல நேரம் ஆகும்" என்றார் டாக்டர். "உங்க ரெண்டு கண்ணுல எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியல, அத மட்டும் இப்பவே சொல்லலாம். ஆரம்பத்துல இடதுல உலர்வு இருந்துச்சு, அது போயாச்சு. ஆனா நீங்க வந்ததுலேர்ந்து பாக்கறேன், எத உத்துப் பாத்தாலும் இடது கண்ண மூடிக்கறீங்க. அத விட்டுடுங்க. மங்கலானதப் பாக்க ஒரு கண்ணவிட ரெண்டு கண்ணும் சேந்தாதான் நல்லா தெரியும்."

இருவரும் வெளியே வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். அவன் ஆசைப்பட்ட மாதிரியே, அவன் நம்பிய கத்தியாலேயே செய்த கண். அதைத்தான் அவன் இத்தனை மாதம் கேலி பேசி, பழி போட்டு, கண்ணுக்குச் சொந்தக்காரியே நம்பாதபடி செய்து வைத்திருந்தான். லேசரும் கெடுக்கவில்லை, பிளேடும் கெடுக்கவில்லை. பிரதீப் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்னால வந்தது வேணி" என்றான். "எனக்குப் பயம். உன் கண்ண வெட்டறாங்கன்னதும் பயந்துட்டேன். அதச் சொல்லத் தெரியாம என்னென்னவோ ஒளறிட்டேன். மன்னிச்சிடு."

கோபப்பட வேணிக்கு எல்லா உரிமையும் இருந்தது, கோபம் இல்லாமலும் இல்லை. "பயமா இருக்குன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கும் பயம்தான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். அப்புறம், "வண்டிய எடுங்க, பசிக்குது" என்றாள்.

பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. முதல் வாரம் இருட்டறையில் இடது கண் தன்னையறியாமல் மூடிக்கொள்ளும், அவள் வேண்டுமென்றே திறப்பாள். இரண்டாம் வாரத்தில் திறப்பதை மறந்துபோனாள், ஏனென்றால் அது மூடவில்லை. தலைவலி நின்றது. மேசைமேல் பிலிம் தேங்குவதும் நின்றது. ஸ்ரீரங்கராஜன் சார் ரிப்போர்ட் வேலையைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. ஆஸ்டினுக்கும் நிம்மதி, அவனுக்கு இன்னும் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரதீப் அவளை அழைத்துப்போக வந்தபோது, மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். "ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்று அவனை இருட்டறைக்குக் கூட்டிப்போனாள். இத்தனை வருடத்தில் அவன் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. வெளிச்சப் பெட்டியில் ஒரு பிலிம் இருந்தது. காலையில் அவள் 'சரியில்லை' என்று திருப்பி அனுப்பச் சொன்ன வெல்டிங். தன் நாற்காலியை அவனுக்குத் தள்ளிவிட்டாள்.

"இதுல ஒரு விரிசல் இருக்கு. எங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

பிரதீப் குனிந்து பார்த்தான். சாம்பல், அதற்குள் சாம்பல், அவ்வளவுதான் தெரிந்தது. இன்னும் நெருங்கிப் பார்த்தான். அவன் இடது கண் சுருங்கி மெல்ல மூடிக்கொண்டது.

வேணி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ரெண்டு கண்ணையும் தொறந்து பாருங்க" என்றாள்.

திறந்தான். கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, வெல்டிங்கின் நடுவே, அவள் இவ்வளவு நாளும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மெல்லிய கோடு அவனுக்கும் தெரிந்தது.